நல்லையா எழுதாத மூன்று பக்கம்

ஜோதிலட்சுமிக்கு மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து ஐம்பத்து மூன்று வயதாகியும் பாண்டி பஜாருக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாது. நாலு பேரைக் கேட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேருவாள். ஆனால் புதுக்குடியிருப்பிலிருந்து இரணைப்பாலைக்கு எப்படிப் போக வேண்டும், பொக்கணைக்கும் வலைஞர்மடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம், எந்த மாதம் எந்த இடத்தில் சனம் கூடாரம் அடித்திருந்தது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். இத்தனைக்கும் ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தவள் இல்லை. எல்லாம் படித்தது.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் செம்பியனின் பதிப்பகம். அங்கே இருபத்திரண்டு வருஷமாக அவள் எடிட்டர். இலங்கைச் சண்டையைப் பற்றி வந்த நினைவுக்குறிப்பு, டைரி, நாவல் என்று எழுபதுக்கு மேல் அவள் கை பட்டு வந்தவை. எழுதியவர்கள் கனடாவில் இருப்பார்கள், பாரிஸில் இருப்பார்கள், வளசரவாக்கத்தில் இருப்பார்கள். ஒருத்தர் பிப்ரவரி என்று எழுதியதை இன்னொருத்தர் மார்ச் என்று எழுதியிருந்தால் இவள் போன் போட்டுத் திருத்துவாள். "அங்கே நின்னது நானா நீங்களா?" என்று ஒரு பெரியவர் ஒரு தடவை எரிந்து விழுந்தார். அதற்கும் இவளிடம் பதில் இருந்தது. "நீங்க பதுங்கின உங்க பங்கரை மட்டும்தான் பாத்தீங்க சார். நான் எழுபது பங்கரையும் பாத்தவ."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுடி" என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் அடையாறில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறவர், புத்தகத்தோடு ஒட்டுறவு இல்லாதவர். அவர் பேச்சை இவள் என்றைக்குக் காதில் வாங்கினாள்!

நல்லையா வந்தது இரண்டாயிரத்துப் பதினைந்தில். வன்னியில் லாரி ஓட்டிய மனுஷன். வடபழனி பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் இருந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டது. நாலு நோட்டில் சண்டையின் கடைசி மாதங்களை எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மேலே தேதி. குண்டு விழுந்தாலும் தேதி, கஞ்சி கிடைத்தாலும் தேதி. மூன்றாவது நோட்டில் மட்டும் தொடர்ந்து மூன்று பக்கத்தில் தேதி இருந்தது, கீழே ஒரு எழுத்து இல்லை. நாலாவது பக்கத்தில் மறுபடி ஒன்றும் நடக்காத மாதிரி லாரிக்கு டீசல் கிடைக்காத கதை.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஜோதிலட்சுமி போய்க் கேட்டாள். "ஐயா, இந்த மூணு நாள் என்ன நடந்துச்சு?"

"அது கிடக்கட்டும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளைக் குறை சொல்லக் கூடாது. முதலில் அவள் அந்த மூன்று பக்கத்தையும் அப்படியே வெள்ளையாக விடத்தான் நினைத்தாள். விடவிட்டால்தானே! ராயப்பேட்டையில் பைண்டிங் செய்கிற குலாம் முகம்மது போனில் பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், நடு புக்குல மூணு பக்கம் வெள்ளையா கீது? போன வர்சம் ஒரு புக்கு இப்டித்தான் போச்சு. எக்ஸிபிஷன்ல வாங்குனவன் எல்லாம் மிஸ்பிரிண்டுன்னு திருப்பிக் குட்த்துட்டுப் போனான். பழி என் தலைல. நான் ஒவ்வொருத்தன் கிட்டயும் பதில் சொல்லிக்கினு கீறேன். எதுனா போட்டு ரொப்பு மேடம்."

செம்பியனும் அதையே சொன்னார். "அந்தாளு பாஷை உங்களுக்கு அத்துப்படி. எழுபது புக்கு பாத்தவங்க நீங்க. மூணு பக்கம் எழுத மாட்டீங்களா?"

அந்தக் கேள்வியில்தான் அவள் விழுந்தாள். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? அன்று சாயங்காலம் உட்கார்ந்தாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் கை ஓடியது. இரணைப்பாலையில் சனம் ஓடிய ஓட்டமும் தூசியும் எழுதிக்கொண்டே வந்தவள், நடுவில் தான் யோசிக்காத ஒன்றை எழுதினாள்.

"அந்த நேரம் ஒரு மனுசி எங்களைக் கடந்து போனா. தையல் மெசின்ர தலையைப் பிள்ளையைத் தூக்கிற மாதிரி இடுப்பில வைச்சிருந்தா. எல்லாரும் ஓட அவ மட்டும் நடந்தா. நான் அவவின்ர முதுகைத்தான் கண்டன்."

எங்கிருந்து வந்தாள் இந்தப் பொம்பளை? படித்த எழுபது புத்தகத்தில் எதிலும் இல்லை. ஜோதிலட்சுமிக்குத் தைக்கவும் தெரியாது, வீட்டில் மிஷினும் கிடையாது. சரி, வந்ததை வேண்டாம் என்பானேன் என்று விட்டுவிட்டாள்.

புரூஃபை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நல்லையா அந்தப் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் படுக்கையில் வைத்தார்.

"ஓம்... இவவை நான் மறந்து போனன்" என்றார். பிறகு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

அதை அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். பாவி, அன்றைக்குப் பெருமையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து நாளில் நல்லையா போய்ச் சேர்ந்தார். புத்தகம் நன்றாக விற்றது. விமர்சனம் எழுதின ஆளெல்லாம் அந்தத் தையல் மிஷின் பொம்பளையைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இதைக் கற்பனையில் எழுத முடியாது, கண்டவன்தான் எழுத முடியும் என்று ஒருத்தர் அடித்துச் சொன்னார். ஜோதிலட்சுமி அந்தப் பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தாள்.

மூன்று வருஷம் கழித்து நார்வேயிலிருந்து ஒரு நர்ஸின் நினைவுக்குறிப்பு வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், பொக்கணையில், காயக்காரர்களுக்கு நடுவில் அந்தப் பொம்பளை நடந்து போனாள். இடுப்பில் மிஷின் தலை. நர்ஸ் அவளைப் பக்கவாட்டில் பார்த்திருந்தாள்.

"நம்ம புக்கைப் படிச்சிருப்பாங்க, மனசுல தங்கியிருக்கும்" என்றார் செம்பியன். ஜோதிலட்சுமியும் அப்படித்தான் நினைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நர்ஸுக்கு மெசேஜ் போட்டாள். அந்தம்மா சண்டையைப் பற்றி எந்தப் புத்தகமும் படிப்பதில்லையாம், படித்தால் தூக்கம் போய்விடுமாம். கூடவே ஒரு படம் அனுப்பினாள். முகாமில் இருந்தபோது எழுதிய நோட்டின் பக்கம், மை பரவிக் கிடந்தது. அதில் அந்த நாற்பத்தோராம் பக்கத்து வரிகள் அப்படியே இருந்தன. மேலே போட்டிருந்த வருஷம் இரண்டாயிரத்துப் பத்து. நல்லையாவின் புத்தகம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால்.

ஜோதிலட்சுமி போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று முழுக்க அதைத் தொடவில்லை.

அப்புறம் பாரிஸிலிருந்து ஒரு பையன் எழுதிய நாவல். அது முள்ளிவாய்க்காலில் நடக்கிறது. நூற்றுப் பத்தாம் பக்கத்தில் அவள் வந்தாள். இந்தத் தடவை முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. யாரையோ தேடுகிற பார்வை என்றும், இடது புருவம் நடுவில் முடியில்லாமல் இரண்டாகப் பிரிந்திருந்தது என்றும் எழுதியிருந்தான்.

இரணைப்பாலை, பொக்கணை, முள்ளிவாய்க்கால். சனம் எந்த வழியாக நகர்ந்ததோ அதே வழியில் அவளும் புத்தகத்துக்குப் புத்தகம் நடந்து வந்துகொண்டிருந்தாள். முதலில் முதுகு, அப்புறம் பக்கவாட்டு, இப்போது முகம். அடுத்த கையெழுத்துப் பிரதியைத் திறந்தால் நேராக என்னைத்தான் பார்ப்பாள் என்று ஜோதிலட்சுமிக்குத் தோன்றிவிட்டது. உடனே செம்பியனிடம் போய், இனிமேல் சமையல் புத்தகம், ஜோசியப் புத்தகம் எது வேண்டுமானாலும் கொடுங்கள், சண்டை மட்டும் வேண்டாம் என்றாள். அவர் சிரித்தார். "என்ன மேடம், நீங்களா இப்படி?"

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணி. கீழே பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசிருக்கும். காட்டன் சுடிதார், தோளில் துணிப்பை. ஜோதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் இடது புருவம் நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

அம்மாடி!  அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"நான் ஷீலா. பாலவாக்கத்தில இருந்து வாறன்" என்றாள் அந்தப் பெண். "உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ?"

எதிரே உட்கார்ந்து பையிலிருந்து மூன்று புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நல்லையாவுடையது, நர்ஸுடையது, பாரிஸ் பையனுடையது. மூன்றிலும் ஒவ்வொரு இடத்தில் துண்டுக் காகிதம் செருகியிருந்தது.

"இதில வாற மனுசி என்ர அம்மா."

ஜோதிலட்சுமி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி திறக்க வரவில்லை. ஷீலாவே வாங்கித் திறந்து கொடுத்தாள்.

அவள் சொன்னது இதுதான். அம்மா கிளிநொச்சிப் பக்கம் தையல்காரி. அப்பா முதலிலேயே இல்லை. ஊர் ஊராக இடம்பெயர்ந்து இரணைப்பாலையில் ஒரு பங்கரில் இருந்தார்கள், அம்மா, சித்தி, பத்து வயசு ஷீலா. தையல் மிஷினின் தலை புதுக்குடியிருப்பில் விட்டு வந்த கூடாரத்தில் கிடந்தது. அது இருந்தால் எங்கே போனாலும் சாப்பிடலாம் என்று அம்மா அதை எடுக்கத் திரும்பிப் போனாள். மண் போகாமல் சுற்றிக்கொண்டு வர ஒரு துணி வேண்டியிருந்தது. பையில் இருந்ததில் கெட்டித் துணி ஒன்றுதான். மாதா கோயிலில் முதல் நற்கருணை, அவர்கள் சொல்கிற புதுநன்மை, ஷீலா வாங்குவதற்கு என்று அம்மா தைத்த வெள்ளைச் சட்டை.

"நான் அழுதனான். என்ர சட்டையைக் கொண்டு போகாதேங்கோ எண்டு கத்தினனான். அம்மா ஒண்டும் சொல்லேல்லை. சித்தியோட நில், இந்தா வாறன் எண்டவ. நான் கோவத்தில அவவின்ர முகத்தைப் பாக்கேல்லை."

பிறகு அவள் வரவில்லை. பதினாறு வருஷம்.

வெள்ளைச் சட்டை என்ற வார்த்தையில் ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள்.  மூன்று புத்தகத்திலும் சட்டை என்று ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்குத் தெரியும், மூன்றும் அவள் எடிட் செய்தது. இருந்தாலும் அந்தச் சட்டையை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள்.

ஷீலா பேசிக்கொண்டே போனாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையன் டொராண்டோவில். ஸ்பான்சர் சரியாகிவிட்டது, அடுத்த மாதம் பயணம். போவதற்கு முன்னால் தன் அக்காவின் ஆன்மாவுக்கு ஒரு பூசை கொடுத்துவிட வேண்டும் என்று சித்தி நாளைக் காலைக்கு மாதா கோயிலில் சொல்லி வைத்திருக்கிறாள். செத்தவர் பேர் கொடுத்தால்தான் பூசையில் வாசிப்பார்கள், அதைக் கொடுக்கத்தான் ஷீலா விடவில்லை.

"உயிரோட இருக்கிற ஆளுக்குச் செத்தவைக்குக் குடுக்கிற பூசையைக் குடுக்கலாமோ, நீங்களே சொல்லுங்கோ? நல்லையா ஐயா கண்டிருக்கிறார். பிறகு பொக்கணை, பிறகு முள்ளிவாய்க்கால். அவ்வளவு தூரம் வந்தவ அங்கால முகாமுக்கும் போயிருப்பா. நான் கனடாவை விடப் போறன். ஸ்பான்சரை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு ஊருக்குப் போய்த் தேடப் போறன்."

"நர்ஸம்மாகிட்ட, அந்தப் பையன்கிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டனான். அது தன்ர எழுத்துத்தான், எழுதின ஞாபகம் இல்லையாம் எண்டவ நேர்ஸ் அன்ரி. பாரிஸ் அண்ணாவும் தான் காணேல்லை, எழுதேக்க கைக்கு வந்தது எண்டவர். கண்ணால கண்டவர் நல்லையா ஐயா ஒராள்தான். அவர் செத்திட்டார் எண்டு தெரியும். ஆனா அவரிட கொப்பி இங்க இருக்கு எண்டு முன்னுரையில போட்டிருக்கிறியள். அதில அம்மா எந்தப் பக்கம் போனவ எண்டு இன்னும் ஏதும் இருக்கும். எனக்கு அதைக் காட்டுங்கோ. காட்டினா நான் நாளைக்கே ரிக்கெட் போட்டிடுவன்."

எழுதத் தெரிந்தவள் செய்த வேலையைப் பார்த்தீர்களா! யாரோ பைண்டர் திட்டுவான் என்று ரொப்பின மூன்று பக்கத்தை நம்பி, ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தூக்கிப் போடத் தயாராக எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"இரும்மா, எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஜோதிலட்சுமி உள்ளறைக்குப் போனாள்.

பீரோவின் கீழ்த்தட்டில் நாலு நோட்டும் இருந்தன. மூன்றாவதை எடுத்தாள். மூன்று தேதி, மூன்று வெள்ளைப் பக்கம், அப்படியே. நடுவில் ஜெம் கிளிப் போட்டு இரண்டு மூன்று தாள் சொருகியிருந்தது. அவள் கையெழுத்து. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாயங்காலம் எழுதிய மூலத்தாள். கடைசித் தாளில் நாலு வரியை செம்பியன் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தார். மூன்று பக்கத்துக்கு மேல் நாலு வரி கூடிவிட்டதால் அடித்தது. இப்போதுதான் ஞாபகம் வந்தது. அடித்த வரிகளைப் படித்தாள்.

"மெசினை ஒரு சின்னப் பிள்ளையின்ர வெள்ளைச் சட்டையால சுத்தியிருந்தா. சட்டையின்ர ஒரு கைக்கு நல்ல லேஸ், மற்றக் கைக்கு லேஸ் காணாமல் யன்னல் சீலையின்ர கரையை வெட்டி வைச்சுத் தைச்சிருந்தது. முதுகைத்தான் கண்டன், ஆனால் அந்தச் சட்டைக் கை ரெண்டும் அவவின்ர இடுப்புக்குப் பின்னால தொங்கினது."

பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யன்னல் சீலை என்கிற வார்த்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் எழுதியதே இல்லை. அவள் திரைச்சீலை என்றுதான் எழுதுவாள், வாயில் ஸ்க்ரீன் என்றுதான் வரும். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் பின்னால் யாரோ நின்று தோளுக்கு மேல் படிக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டே திரும்பினாள். கட்டுக் கட்டாகப் புத்தகம், பழைய பில் புத்தகங்கள், ஒரு உடைந்த ஸ்டூல். அவ்வளவுதான்.

செம்பியனுக்குப் போன் போட்டாள். அவர் தி.நகரில் ஒரு புத்தகக்கடையில் இருந்தார், பின்னால் ஒரே ஹாரன் சத்தம். விஷயத்தைச் சொன்னாள்.

"மேடம், வேலியில போறதை எடுத்து மடியில விட்டுக்காதீங்க" என்றார். "மூணாவது பதிப்பு போய்க்கிட்டிருக்கு. கண்ணால கண்டதை எழுதினார்னு அட்டையிலேயே போட்டிருக்கோம். நோட்டு கரையான் அரிச்சுப் போச்சுன்னு சொல்லுங்க. இல்லாட்டி, நோட்டுல இல்ல, ஆஸ்பத்திரியில வாயால சொன்னார், நீங்க எழுதிக்கிட்டீங்கன்னு சொல்லிடுங்க. யாரு வந்து இல்லைன்னு சொல்லப்போறா, நல்லையாவா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எவ்வளவு சுலபமான வழி! ஒரே வாக்கியம். அவள் பேர் கெடாது, பதிப்பகத்தின் பேர் கெடாது. அந்தப் பெண் நாளைக்கு டிக்கெட் போடுவாள். ஊர் ஊராக, முகாம் முகாமாக, வயசாகும் வரைக்கும் அலைவாள். ஜோதிலட்சுமி போனை வைத்தாள்.

உண்மையைச் சொல்வது என்று தீர்மானம் செய்துவிட்டாள். ஆனால் எந்த உண்மையை? நானே புனைந்தது, யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும், அந்தப் பெண் ஒரு நாள் அழுதுவிட்டு விமானம் ஏறுவாள். இந்தச் சிவப்பு மைத் தாளைக் காட்டினால்? சட்டையும் லேஸும் யாருக்கும் தெரியாத விஷயம். இதைப் பார்த்தால் அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று அவளுக்கு நூறு மடங்கு நம்பிக்கை வந்துவிடும். புரூஃபைப் படித்துவிட்டு நல்லையா மறந்து போனன் என்றதைச் சொன்னாலும் அதே கதிதான். தாள்களைக் கிளிப்போடு உருவி, மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஷீலா எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் நோட்டை வாங்கினாள்.

"இந்தப் பக்கம்தாம்மா" என்று ஜோதிலட்சுமி திறந்து காட்டினாள். "அவர் ஒண்ணும் எழுதல. தேதி மட்டும்தான் போட்டார். வெள்ளைப் பக்கம் போகக் கூடாதுன்னு நான்தான் எழுதினேன். அந்தப் பொம்பளை... உங்கம்மா... அவர் பாத்ததில்ல. நானா எழுதினது. என்னை மன்னிச்சிடு."

ஷீலாவுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தைத் திருப்பினாள், திரும்ப முன்னால் வந்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புரிந்ததும் முகம் வெளுத்தது.

"நீங்கள் ஆர் என்ர அம்மாவை எழுத?"

ஜோதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்ட மனுசன் ஒரு எழுத்து எழுதேல்லை. அவரால ஏலேல்லை. ஒண்டையும் காணாத நீங்கள் இஞ்ச விசிறிக்குக் கீழ இருந்து எழுதினனீங்கள். நான் அதைப் பைபிள் மாதிரித் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுத்தனான். மூண்டு வருசம்! தெரியுமோ உங்களுக்கு?"

கீழே கடைக்காரருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் போட்டாள். போடட்டும். அவள் போடாமல் வேறு யார் போடுவது? கத்தி ஓய்ந்து, நாற்காலியில் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்த வெள்ளைப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டு ஜோதிலட்சுமி திடுக்கிட்டாள்.

"சரி. அப்ப அம்மா செத்ததையும் ஒருத்தரும் காணேல்லை. நான் ஊருக்குப் போய்த்தான் தேட வேணும்."

"ஐயோ, இல்லம்மா..."

"ஏன் இல்லை? நீங்கள் கட்டினது பொய். மற்ற ரெண்டு பேரும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டினம். அப்ப அவ எங்கயும் இருக்கலாம்தானே. நான் தேடாம வேற ஆர் தேடுறது?" புத்தகங்களைப் பையில் போட ஆரம்பித்தாள்.

இதுவும் ஒரு புத்தி! நாம் கணக்குப் போடுகிற மாதிரியா மனசு கணக்குப் போடுகிறது? பாதி உண்மையைச் சொல்லி அவளைக் கரையேற்றி விடலாம் என்று நினைத்தாள் ஜோதிலட்சுமி. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? திரும்பி நின்று தாளை எடுத்து, பிரித்து, மேசையில் வைத்தாள்.

"இதையும் பாத்துடும்மா. இதுவும் அன்னிக்கு நான் எழுதினதுதான். புக்குல வரல. ஐயாவும் புரூஃபைப் படிச்சிட்டு, இவங்களை மறந்து போயிட்டேன்னுதான் சொன்னார். இது எப்படி எனக்குத் தெரியும்னு கேட்டா, சத்தியமாத் தெரியாது."

ஷீலா நின்றபடியே படித்தாள். சிவப்புக் கோடு போட்ட நாலு வரி. அதற்கு மேல் அவள் கண் நகரவில்லை. கீழே குடத்தைத் தட்டுகிற சத்தம் நின்று, பேரம் முடிந்து, யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

"யன்னல் சீலை" என்றாள். "சித்தியின்ர வீட்டு யன்னல் சீலை. லேஸ் காணேல்லை எண்டு வெட்டினவ. ஒரு கை வேற மாதிரிக் கிடக்கு எண்டு கோயிலில பிள்ளையள் சிரிச்சவை. இதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"சொல்லலம்மா."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

 இனி இவளைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது, நான்தான் இவளைக் கெடுத்தேன் என்று ஜோதிலட்சுமி நினைத்துக்கொண்டிருந்தாள். ஷீலா அழவில்லை. அந்தத் தாளை மடியில் வைத்து, மடிப்பை விரலால் நீவி நீவி நேராக்கினாள். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தபோது அந்த முகத்தில் தேடுகிற பார்வை போயிருந்தது.

"அம்மா செத்திட்டா" என்றாள்.

"ஏம்மா அப்படிச் சொல்றே?"

"உயிரோட இருந்தா என்னட்டயெல்லோ வந்திருப்பா. உங்களிட்ட ஏன் வாறா? நேர்ஸ் அன்ரியிட்ட, பாரிஸ் அண்ணாவிட்ட, ஆரெண்டே தெரியாத உங்களிட்ட... கால் இருக்கிற ஆள் வீட்டுக்கு வந்திடும். இல்லாத ஆள்தான் இப்பிடித் திரியும்."

 

ஷீலா போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டாள். "சித்தி, நாளைப் பூசைக்குப் பேர் குடுங்கோ. ஓம். அம்மாவின்ர பேர்தான்." அந்தப் பக்கம் சித்தி அழுகிற சத்தம் கேட்டது. "ஓம் சித்தி. அழாதேங்கோ. வாறன்." போனைப் பையில் வைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரிடம் கேட்கிற மாதிரி, பயந்து பயந்து கேட்டாள்.

"நான் சட்டைக்கு அழுதனான் எண்டு... அதைப் பற்றி அம்மா உங்களிட்ட ஏதும் சொன்னவவோ?"

சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று ஜோதிலட்சுமிக்குத் தெரியும். கோபம் இல்லை என்று சொன்னாள், உன்னைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தாள் என்று இரண்டு வரி, அவள் கைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.  

"இல்லம்மா" என்றாள். "எங்கிட்ட அவங்க ஒண்ணும் பேசல."

ஷீலா தலையை ஆட்டினாள்.

"ஓம்" என்றாள். "அம்மா அப்பிடித்தான். கனக்கக் கதைக்கமாட்டா."